சிவப்பு கீழே, நீலம் மேலே

ஜூன் 28, வியாழன்

விலங்கியல் வகுப்பில் இன்று கோமளவல்லி டீச்சர் பேசி முடிப்பதற்கு முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு ஆய்வுதான் போகிறது. தலைப்பு பரிணாமம்.

“உக்காரு நெறிச்செல்வி, நான் இன்னும் யாரையும் கேக்கவே இல்ல” என்றார்.

கேட்க என்ன இருக்கிறது? எங்கள் அப்பா பேருந்து நடத்துநர். காக்கி போடாத நாளெல்லாம் கருப்புச் சட்டைதான். எங்கள் வீட்டில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் குரங்கிலிருந்து மனிதன் வரை வரிசையாக நடந்து போகும் படம் மாட்டியிருக்கிறது. (குரங்கிலிருந்து நேராக மனிதன் வரவில்லை, இரண்டுக்கும் பொது மூதாதை உண்டு, அந்தப் படமே தவறு என்று நான் ஏழாம் வகுப்பிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் படத்தைக் கழற்றவில்லை.) பரிணாமம் எங்கள் வீட்டுச் சொத்து மாதிரி.

டீச்சர் இரண்டு பெயர் சொன்னார். நெறிச்செல்வி. எப்சிபா.

வகுப்பே சிரித்தது. எப்சிபாவின் அப்பா நெகேமியா பாஸ்டர். தகரக் கூரை போட்ட சபை அவருடையது. பின்வரிசையிலிருந்து மும்தாஜ் கேட்டாள்: “டீச்சர், இது ஆராய்ச்சியா பட்டிமன்றமா?”

இருவரில் ஒருத்திதான் குழுத் தலைவி. நடுவர்கள் முன்னால் அவள் மட்டும் பேசுவாள். ஜெயித்தால் சென்னைக்கு மாநிலக் கண்காட்சிக்கும் அவள் மட்டும் போவாள். மற்றவள் உறுப்பினர். யார் தலைவி என்று வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

பார்க்கட்டும்.

ஜூலை 1, ஞாயிறு

காலையில் துணி ஊறவைத்தேன், துவைத்தேன், காயப்போட்டேன். மூன்று மணிக்குச் சுண்ணாம்புக் குழி. எப்சிக்கு ஆராதனை முடிந்த பிறகுதான் வர முடியும் என்பதால் இந்த வெயில் நேரம்.

அது தோண்டி முடித்துக் கைவிட்ட குழி. டீச்சர் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கிறார். குழியின் ஒரு பக்கச் சுவர் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் மங்கிய மஞ்சள், நடுவில் வெள்ளை, மேலே செம்மண் ஏறிய நிறம். ஏழு கோடி வருடங்களுக்கு முன் இங்கே கடல். அடி அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. மூன்று அடுக்கிலும் ஒரே மாதிரி வளைந்த சிப்பி கல்லாகிக் கிடக்கிறது. அதன் முதுகில் விசிறி போல வரிகள். அந்த வரிகளின் எண்ணிக்கை கீழிருந்து மேலே போகப் போக மாறுகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு.

சுவரிலிருந்து பெயர்த்துவிட்டால் எல்லாச் சிப்பியும் ஒன்றுதான். எந்த அடுக்கு என்று அதுவே சொல்லாது. அதனால் பெயர்ப்பதற்கு முன்பே புள்ளி வைக்க வேண்டும். டீச்சர் கண்டுபிடித்த வழி நெயில் பாலிஷ்: கீழே சிவப்பு, நடுவே மஞ்சள், மேலே நீலம். கழுவினாலும் போகாது. பாட்டில்கள் என்னிடம் இருக்கும். எப்சி சபையில் நெயில் பாலிஷ், பொட்டு, பூ, கம்மல் எதுவும் கிடையாது. அவள் வீட்டுக்குள் அது நுழையவே கூடாதாம்.

வந்ததும் அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

“யார்கிட்ட பர்மிஷன் கேக்கற?” என்றேன்.

“செஞ்சவர்கிட்ட.”

“ஆறு நாள்ல செஞ்சாருன்னுதானே சொல்றீங்க? இந்தச் சுவர் மட்டுமே லட்சக்கணக்கான வருஷம்டி.”

அவள் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அவருக்கு அவசரம் இல்லையோ என்னமோ.”

கூட வந்திருந்த டீச்சர் குடைக்குள் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. “டீச்சர், நீங்க சொல்லுங்க, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?” என்று கேட்டேன்.

“எங்க மாமியார் பூஜை ரூம்ல ஒரு சாளக்கிராமம் இருக்கு. உடைச்சா உள்ள சுருள் சுருளா இருக்கும். அதுவும் கடல் பிராணிதான், இந்தச் சிப்பிக்கு ஒறவு. எனக்கு அது தெரியும். தினம் அதுக்குப் பால் ஊத்தறேன். நாளைக்கும் ஊத்துவேன். வெயில் சுடுது, வேலையப் பாருங்கடி.”

இது பதில் இல்லை.

ஜூலை 8, ஞாயிறு

எப்சி கண்டெடுத்த சிப்பி 31. நான் 6. வெயில் என் பக்கம் அடித்தது.

ஜூலை 12, வியாழன்

திங்களிலிருந்து பள்ளி முடிந்ததும் ஆய்வகத்தில் வரி எண்ணி, இன்று முடித்தோம். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஊசியும் வைத்து எண்ணுவேன், அவள் எழுதுவாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை.

முதல் பத்து முடிந்ததும் அவள் சிப்பிகளை வாங்கி, ஒவ்வொன்றின் புள்ளி மேலும் துண்டுக் காகிதம் ஒட்டினாள்.

“என்ன பண்ற?”

“புள்ளியப் பாத்துட்டு எண்ணினா நமக்கு வேணுங்கற நம்பர் வந்துரும் நெறி. முதல்லேருந்து பாக்காம எண்ணு. அப்புறம் பிரிச்சுப் பாப்போம்.”

எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். நான் எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். அவள் பாடப்புத்தகமும் பைபிளும் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. டீச்சரிடம் சொன்னதும் ஓய்வறையில் மற்ற டீச்சர்களையெல்லாம் கூப்பிட்டு, “இந்தப் புள்ள என்ன பண்ணியிருக்கு பாருங்க” என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

காகிதத்தைப் பிரித்தபோது: சிவப்புக்குச் சராசரி 14 வரி, மஞ்சளுக்கு 17, நீலத்துக்கு 21. புத்தகத்தில் படித்தது, நம் ஊர்க் குழியில், என் ஊசி முனையில்.

ஆனால் ஒன்பது சிப்பிகள் பொருந்தவில்லை. நீலப் புள்ளி, ஆனால் 13, 14 வரிதான். “இதுங்க கெட்டுப்போன சிப்பி. எடுத்துரலாம், படம் சுத்தமா வரும்” என்றேன்.

“எப்படிக் கெட்டுப்போச்சுன்னு தெரியும்?”

“மத்ததோட ஒத்துப்போகலையே.”

“அதுக்காக எடுத்துட்டா அது கிடைச்சதை மறைக்கறது இல்லையா?”

“உனக்கு இந்தக் கொள்கை நிரூபணம் ஆகணும்னே ஆசை இல்லை. அதான்” என்றேன்.

அவள் ஒன்பதையும் தனிப் பக்கத்தில் எழுதினாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட மோசம்.

ஜூலை 15, ஞாயிறு

மதியம் கோழிக் குழம்பு. அம்மா வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கவுச்சி சாப்பிட மாட்டார், வயிறு சரியில்லை என்பார். மற்ற ஆறு நாளும் வயிறு நன்றாக இருக்கும். அப்பா இதை இருபது வருடமாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்பாவிடம் காகிதம் ஒட்டிய கதையைச் சொன்னேன். எப்சி சொன்னாள் என்று சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். “நெகேமியா பொண்ணா? தினம் நம்ம வண்டியிலதான் வருவாரு அந்த மனுஷன். ஏன் புள்ள, அந்தப் பொண்ணையே பேசச் சொல்லேன் கண்காட்சியில!”

“ஏம்ப்பா?”

“நீ பேசினா, கருப்புச் சட்டை வீட்டுப் புள்ள, வேற என்னா பேசும்பான். பாஸ்டர் பொண்ணு ஏறி நின்னு ஏழு கோடி வருஷம்னு சொன்னா ஊரே காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கும். நாங்க முப்பது வருஷமாத் தெருமுனையில கத்தறதை அது அஞ்சு நிமிஷத்துல சாதிச்சுரும்.”

“அவ சாதிக்கறதுக்காகப் பேச மாட்டாப்பா. அவ ஜெபம் பண்ணிட்டுத்தான் தோண்டறா.”

“பண்ணிட்டுப் போகட்டுமே. கண்ணு நல்லா இருக்குல்ல?”

எனக்குக் குழம்பு காரமாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

ஜூலை 20, வெள்ளி

குழுத் தலைவி: எப்சிபா.

டீச்சரிடம் காரணம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். “நீ தீர்ப்பைக் கையில வெச்சுக்கிட்டு வர்ற நெறிச்செல்வி. அவ என்ன இருக்குன்னு பாக்க வர்றா. நடுவருங்களுக்கு அது தெரிஞ்சுரும்” என்றார்.

இது பொறாமை இல்லை. ஒரு கணக்கு சொல்கிறேன், அவ்வளவுதான். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று ஒவ்வொரு ஞாயிறும் கைதட்டிப் பாடுகிறவள் பரிணாமத்துக்குத் தலைவி. அதை ஐந்து வயதிலிருந்து தெரிந்தவள் உறுப்பினர். இதில் தவறு இருப்பது யாருக்கும் தெரியவில்லையா?

அவள் வந்து, “ரெண்டு பேரும் பேசலாமான்னு டீச்சரைக் கேக்கறேன்” என்றாள். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

ஜூலை 21, சனி

அரிசி களைந்தேன். இட்லிக்கு மாவு அரைத்தேன். கரப்பான் மருந்து வாங்கி வந்தேன். இன்று எழுத எதுவும் இல்லை.

ஜூலை 22, ஞாயிறு

கடைசியாகக் குழிக்குப் போனோம். நீல அடுக்கில் இன்னும் நான்கு தேவைப்பட்டன. அவளே நான்கையும் கண்டுபிடித்தாள். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் வரிகளின் நிழல் தெரியுமாம். இதை இப்போதுதான் சொல்கிறாள். நான் கேட்கவில்லை என்பாள்.

அவள் ஏணியில் இருந்தபோது நான் பொருட்களை அடுக்கினேன். என் பையில் தண்ணீர் பாட்டில், சுத்தியல், அட்டவணைப் புத்தகம் எல்லாம் இருந்ததால் இடமே இல்லை. நெயில் பாலிஷ் பாட்டில்கள் அவள் பையில் போய்விட்டன போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஜூலை 23, திங்கள்

எப்சி வரவில்லை.

ஜூலை 24, செவ்வாய்

வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

ஞாயிறு மாலை அவள் அம்மா துவைப்பதற்காகப் பையைக் கவிழ்த்திருக்கிறார். பைபிளோடு சேர்ந்து கைக்குட்டை மூட்டை ஒன்று விழுந்ததாம். உள்ளே மூன்று பாட்டில்.

“எங்கம்மா கத்தவே இல்ல நெறி. மூணையும் ஜன்னல் கட்டையில வரிசையா வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. யாரு குடுத்தான்னு அப்பா கேட்டாரு. ஆராய்ச்சிக்குன்னு எல்லாத்தையும் சொன்னேன். சிப்பி, வருஷம், பரிணாமம், எல்லாமே. அதுக்கு ஒண்ணும் சொல்லல. ‘சரி, உன் பைக்குள்ள எப்படி வந்துச்சு’ன்னாரு. தெரியலன்னேன். நான் வெக்கலன்னேன். நம்பல. கைக்குட்டையில சுத்தி, பைபிளுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கே, தானா வந்துச்சான்னு அம்மா கேக்கறாங்க.”

நான் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“ஒருவேளை நானேதான் மறந்துபோய் வெச்சுட்டேனோ?” என்று என்னைக் கேட்டாள். “நீ பாத்தியா?”

“ஞாபகம் இல்ல” என்றேன்.

உடையாமல் இருக்கத்தான் கைக்குட்டையில் சுற்றினேன்.

ஜூலை 27, வெள்ளி

பாஸ்டர் பள்ளிக்கு வந்தார். கூடவே சபை மூப்பர் தங்கையா, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் பெரிய மனிதர். தலைமையாசிரியர் அறையில் அரை மணி நேரம். பிறகு கோமளவல்லி டீச்சர் வெளியே வந்து என் தோளில் கை வைக்காமல், என் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: “எப்சிபா விலகிட்டா. நீதான் பேசணும். தயார் பண்ணிக்கோ.”

எனக்கு மகிழ்ச்சி. ஏன் இருக்கக் கூடாது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முதல் வரியை ஒத்திகை பார்த்தேன். “மாண்புமிகு நடுவர்களே, இந்தக் கையில் இருப்பது கல் அல்ல, காலம்.” நன்றாக இருக்கிறது.

ஜூலை 28, சனி

வரைபடத் தாளில் படம் வரைந்தேன். அந்த ஒன்பதை எடுத்துவிட்டேன். கோடு எவ்வளவு அழகாக ஏறுகிறது!

ஜூலை 30, திங்கள்

எப்சி மூன்றாம் பிரிவுக்குப் போகிறாள். வணிகவியல், கணக்குப் பதிவியல். பிரிவு மாற்றப் படிவம் அவள் நோட்டுக்குள் இருந்தது, பார்த்தேன். தமிழய்யாவிடம் ஏதோ கேட்க எழுந்தபோது கீழே விழுந்தது. ஆகஸ்ட் 6 கடைசி நாள். பெற்றோர் கையெழுத்து இன்னும் போடவில்லை.

அவளுக்கு விலங்கியல் பிடிக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். தவளையின் இதயத்தைப் பார்த்து ‘எவ்ளோ அழகு’ என்ற ஒரே ஆள் எங்கள் வகுப்பில் அவள்தான்.

இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. நான் எதையும் நினைக்கவில்லை. பாட்டில்கள்தான் இடம் மாறிவிட்டன.

எது எப்படியோ, இது மதத்தின் குற்றம். என் குற்றம் இல்லை. பரிணாமம் என்றதும் பயந்துவிட்டார்கள். அப்பா எப்போதும் சொல்வதுதான்.

ஆகஸ்ட் 1, புதன்

மாலை ஆறரைக்கு நெகேமியா பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது.

அப்பா கைலியோடு வெளியே வந்தார். “வாங்க பாஸ்டர்! வண்டியில இன்னிக்குக் காணோமேன்னு பாத்தேன்.”

“நடந்தே வந்துட்டேன் அண்ணே. யோசிக்கறதுக்கு நடை நல்லது.”

“யோசிக்க ஆரம்பிச்சுட்டீங்களா? அப்ப எங்க கட்சிதான்.”

பாஸ்டர் சிரித்தார். அம்மா தேநீர் கொடுத்தார். பாஸ்டர் கண்ணை மூடி ஒரு நொடி தலைகுனிந்துவிட்டுக் குடித்தார். அப்பா மரியாதையாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா ஆரம்பித்தார். சிப்பியைக் கண்டு சபை பயப்படலாமா, அறிவுள்ள பெண்ணைக் கணக்கு எழுத அனுப்பலாமா என்று. பாஸ்டர் முழுவதும் கேட்டார்.

“அண்ணே, சிப்பிக்கு நான் பயப்படல. ஆறு நாளா, ஆறு யுகமா, அதை நான் அவர்கிட்ட நேர்ல போயே கேட்டுக்கறேன். சபையில பாதிப் பேரு சுண்ணாம்புக் குழியில வேலை பாத்தவங்க. அவங்களே வீட்டுல சிப்பி வெச்சிருக்காங்க. என் கவலை அது இல்ல. என் பொண்ணு என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்றா. பை அவளுது, கைக்குட்டை சுத்தியிருக்கு, தெரியாதுங்கறா. வெச்சேன்பான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்ல மாட்டேங்கறா. இந்தப் படிப்புக்குப் போனதுலேருந்துதான் இப்படின்னு மூப்பர் சொல்றாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மா, நீ அவ சிநேகிதி. அவ அதை வெச்சதை நீ பாத்தியா?”

அவர் குரலில் நான் ‘பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. சொன்னால் அவர் மகள் பொய்க்காரி இல்லை, வெறும் மறதிக்காரி ஆகிவிடுவாள், அதோடு முடியும்.

“கவனிக்கல அங்கிள்” என்றேன்.

அவர் போன பிறகு அப்பா சொன்னார்: “நல்ல மனுஷன். ஆனா பாரு, ஒரு பொய்யிக்கு இத்தனை ஆட்டம். நம்ம வீட்டுல பொய்யிக்குச் சாமி கண்ணைக் குத்தும்னு யாரும் சொன்னதில்ல. நீ பொய் சொல்லியிருக்கியா?” பெருமையாகத்தான் கேட்டார்.

உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

டீச்சர் என் படத்தை மேசையில் விரித்தார். “ஒன்பது எங்கே?”

“பொருந்தல டீச்சர்.”

“எப்சிபா நோட்டுல இருக்கே.” அந்தத் தனிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் ஏதோ எழுதியிருந்தாள். ஒன்பதில் ஏழு, மேல் அடுக்கில் மண் சரிந்த இடத்துக்கு ஒரு முழத்துக்குள் கிடைத்தவை. பழைய அடுக்கிலிருந்து புரண்டு வந்திருக்கலாம், உறுதியில்லை என்று குறிப்பு. மற்ற இரண்டுக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி.

“திரும்ப வரைஞ்சு எடுத்துட்டு வா” என்றார். சனிக்கிழமை விரதத்துக்குத் துளசி வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து ஒன்பது புள்ளிகளையும் வைத்தேன். கோட்டுக்குக் கீழே சிதறி விழுந்தன. படம் அசிங்கமாகிவிட்டது. ஆனால் அதைப் பார்த்தால் யாரோ உண்மையில் குழிக்குள் இறங்கியது போல இருந்தது. முந்தைய படத்தில் அது இல்லை. நான் பரிணாமத்தை அப்பாவிடமிருந்து வாங்கி அப்படியே வைத்திருந்தேன். அவள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள்.

சரி, எழுதிவிடுகிறேன். பையில் இடம் இருந்தது. நிறைய இருந்தது. நான் கைக்குட்டையை விரித்து, மூன்றையும் சுற்றி, முடிச்சுப் போட்டு, பைபிளுக்குப் பின்னால் தள்ளினேன். அவள் ஏணியில் பாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஞாயிறு மாலைதான் பை துவைப்பார் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

பாஸ்டரிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆராதனை தொடங்கிவிட்டது. பாய் விரித்து, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கடைசிப் பாயில் உட்கார்ந்து துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். எப்சி முதல் வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அத்தனை நெருக்கத்திலும் அந்த இடம் மட்டும் காலி. அதைப் பார்த்த பிறகு தனியாகச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது.

பாட்டுக்குப் பிறகு சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து அந்த வாரம் நடந்ததைச் சொல்லலாம். ஒரு அக்காவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. எல்லோரும் “ஸ்தோத்திரம்!” ஒருவருடைய மாடு கன்று போட்டிருக்கிறது. “ஸ்தோத்திரம்!”

நான் எழுந்தேன்.

“நான் எப்சிபா கூடப் படிக்கிறேன். அவ பையில இருந்த மூணு பாட்டிலும் என்கிட்ட இருந்தது. நான்தான் அவளுக்குத் தெரியாம வெச்சேன். அவ பொய் சொல்லல.”

“ஸ்தோத்திரம்!” என்றது பாதிச் சபை, பழக்கத்தில். பிறகுதான் நான் சொன்னது அவர்களுக்கு எட்டியது. கைத்தாளம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

மூப்பர் தங்கையா எழுந்தார். அவர் முகம் கோபமாக இல்லை. “மறதியா வெச்சுட்டியாம்மா?”

பெரிய கதவாகத் திறந்துவிட்டார். ஆமாம் என்றால் போதும்.

“இல்லீங்க. அவளைத் தலைவியாப் போட்டாங்க. எனக்கு அது பொறுக்கல. அவளுக்குச் சிப்பி கண்ணுல படுது. எனக்குப் படல.”

பாஸ்டர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்சியின் அம்மா எழுந்து மகள் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் போய் உட்கார்ந்தார். எப்சி திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 6, திங்கள்

காலை ஏழு மணி வண்டியிலேயே அப்பாவுக்குச் சேதி போய்விட்டது. ஆனால் வேறு சேதி. “என்னண்ணே, பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துருச்சாமே!” “சபையில சாட்சி சொல்லுச்சாமே!” டிக்கெட் கிழிக்கும் இடத்திலெல்லாம் கைகுலுக்கியிருக்கிறார்கள். கட்சித் தோழர் ஒருவர் அடுத்த நிறுத்தம் வரை பேசாமலேயே வந்து இறங்கிவிட்டாராம்.

மதியம் அப்பா காக்கியோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டை முடிச்சு உட்பட.

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? அங்க போய்த்தான் சொல்லணுமா?”

“அங்கதான்ப்பா அவளைப் பொய்க்காரின்னாங்க.”

அப்பா பையிலிருந்த சில்லறையைக் குலுக்கிக்கொண்டே நின்றார். கோபம் வரும்போது அப்படித்தான் செய்வார். “முப்பது வருஷமா என்னை எதுக்கும் தலைகுனிய வெச்சதில்ல எவனும்” என்றார். பிறகு, “போ. மணி அடிச்சுருச்சு.”

எப்சி படிவம் கொடுக்கவில்லை. விலங்கியல் வகுப்பில்தான் இருந்தாள். ஆனால் மும்தாஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன், எப்சிதான் தலைவி என்று. டீச்சர், “அது நீ குடுக்கறது இல்ல” என்றார். சரிதான்.

ஆகஸ்ட் 11, சனி

டீச்சர் எப்சியையே மறுபடி தலைவியாக்கிவிட்டார். அவள் என்னோடு பேசவில்லை. நோட்டைக் கேட்டால் கொடுக்கிறாள். ‘நன்றி’ என்றால் தலையசைக்கிறாள். வீட்டில் அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

கண்காட்சி. நூற்று இருபது சிப்பிகளையும் மூன்று தட்டுகளில் அடுக்கினோம். பேச வேண்டிய தேவை இல்லாமலேயே வேலை நடந்தது.

மூன்று நடுவர்கள். எப்சி பேசினாள். ‘மாண்புமிகு’ எதுவும் இல்லை. “இந்தச் சுவர்ல என்ன இருந்துச்சோ அதைக் கொண்டுவந்திருக்கோம்” என்று ஆரம்பித்தாள். சராசரிகளைச் சொன்னாள். அடுத்த மூச்சிலேயே ஒன்பதைக் காட்டினாள்.

நடுவில் இருந்த வழுக்கைத் தலை நடுவர் அவளுடைய வெறும் காதையும் பெயர் அட்டையையும் பார்த்தார். “சபைக்குப் போற பொண்ணு. இதையும் நம்பறியா, அதையும் நம்பறியா?”

இதற்கு என்னிடம் ஒரு பக்கம் நிறைய விடை இருக்கிறது.

“இதை நம்பலீங்க சார்” என்றாள். “இதை எண்ணினோம்.”

வலது ஓரத்தில் இருந்த நடுவர் அம்மா குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “யாரு எண்ணினது? புள்ளியை மறைச்சு எண்ணினதாப் போட்டிருக்கே.”

“மறைச்சது நான். எண்ணினது முழுக்க இவங்க. நெறிச்செல்வி. ஒரு சிப்பிக்கு மூணு தடவை, நூத்தி இருபது சிப்பி. ஒரு தடவைகூட அவசரப்படல. நான் எண்ணியிருந்தா இவ்ளோ சரியா வந்திருக்காது மேடம்.”

அந்த அம்மா என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எப்சி என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த தட்டை நகர்த்தினாள்.

முதல் பரிசு. சென்னைக்கு எப்சி போகிறாள்.

பதினோரு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், முன்பின் தெரியாதவர்களிடம் என்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனா என்று திரும்பி வரும் வண்டியில் யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சென்னையைப் பற்றி எனக்கு வருத்தம் கொஞ்சம்தான். இதற்குத்தான் பொறாமையாக இருக்கிறது.